பவளத் தொட்டியைக் கவிழ்க்குமுன்

நன்கு வளர்ந்துவந்த பவளத் தொட்டி நலியத் தொடங்குவது பெரும்பாலும் ஓசையின்றியே நிகழும். முதலில் மணலின் மீது மெல்லிய பழுப்புத் திரை ஒன்று படரும். காலையில் துடைத்தெடுத்தால் மாலைக்குள் மீண்டும் படர்ந்து, அதன் இழைகளின் நுனியில் சிறு காற்றுக் குமிழ்கள் தொங்கும். பாறை இடுக்கில் கண்ணாடி போன்ற சிறு கடற்சாமந்தி ஒன்று தலைகாட்டும். சில வாரங்களில் அது பத்தாகும். கிளைப்பவளத்தின் அடியில் சதை உரிந்து வெண்சுண்ணம் தெரியும். இதழ் விரித்து ஆடிய மென்பவளம் நாள் முழுதும் சுருங்கிக் கிடக்கும். வளர்ப்பவர் நீரை மாற்றுகிறார், வடிகட்டியைக் கழுவுகிறார், விளக்கொளியைக் குறைக்கிறார், கடையில் கொடுத்த புட்டியிலிருந்து மருந்தை அளந்து ஊற்றுகிறார். ஒன்றும் நிலைத்துப் பயன் தரவில்லை. ஓரிரவு தொட்டியின் முன் அமர்ந்திருக்கையில் அவர் உள்ளத்தில் அந்த எண்ணம் எழுகிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழுவி, புதிய மணல், புதிய பாறை, புதிய நீர் என்று முதலிலிருந்து தொடங்கினால் என்ன?

இந்த எண்ணத்தோடு வருவோரிடம் நான் ஒன்றைக் கேட்பேன். நோய் எங்கே குடியிருக்கிறது? நீரிலா, கல்லிலா, தொட்டிக்கு வெளியிலா? நீரில் இருக்குமானால் கவிழ்க்க வேண்டியதில்லை. வெளியில் இருக்குமானால் கவிழ்த்தும் பயனில்லை. கல்லில் இருக்கும்போதுதான் மறுதொடக்கம் என்னும் பேச்சுக்கே இடம் உண்டு. அப்போதும் நாம் இழக்கப்போவது எது என்பதைத் தெரிந்துகொண்டு இழக்க வேண்டும்.

பவளத்தைக் கண்ணாடிக்குள் காக்கும் முயற்சி 1846ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையில் கற்பவளங்களைக் கண்டு மனம் பறிகொடுத்த அன்னா தைன் என்னும் பெண்மணி, அவற்றைக் கடற்பஞ்சு ஒன்றில் ஊசிநூல் கொண்டு தைத்து, நீர் நிரம்பிய சாடியில் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். இலண்டனில் கடல் ஏது? புதுநீர் எளிதில் கிட்டாத நிலையில், அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சாளரத்தின் முன் நின்று, அதே நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு மாற்றி மாற்றி நாள்தோறும் நெடுநேரம் ஊற்றினாள். காற்று கலந்த அந்தப் பழைய நீரில் பவளங்கள் வாழ்ந்தன. அடுத்த ஆண்டு அவர் கடற்பாசியையும் உடன் சேர்த்தார். ஆண்டுக் கணக்கில் அந்தச் சிற்றுயிர்கள் பிழைத்திருந்தன. பழைய நீரை உயிருக்கு ஏற்றதாக வைத்திருக்க முடியும் என்பதை அவர் செயலால் அறிந்தார். அது ஏன் முடிகிறது என்பதை விளக்கும் அறிவியல் அன்று பிறக்கவில்லை.

அது பிறந்தது மண்ணை ஆராய்ந்தவர்களிடம். 1890இல் சூரிச் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த உருசிய அறிவியலார் செர்கெய் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவை எரித்து உயிர்வாழும் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். மீனின் கழிவும் தின்னாது விட்ட தீனியும் அழுகி வெளிவிடும் நஞ்சு, இவ்விரு கூட்டத்தாரின் உழைப்பால் நஞ்சு குறைந்த பொருளாகிறது. உயிர்வளி எட்டாத கல்லின் உட்புழைகளில் மூன்றாவது கூட்டம் ஒன்று நைட்ரேட்டிலிருந்து உயிர்வளியைப் பிடுங்கிக்கொண்டு, எஞ்சிய நைட்ரசனைக் காற்றாக வெளியேற்றுகிறது. கடலில் இது எங்கும் நடக்கிறது. தொட்டியில் இது நடக்க வேண்டுமானால் புழைகள் நிறைந்த கல் வேண்டும்.

அந்தக் கல்லைத் தொட்டிக்குள் கொண்டுவந்து உலகறியச் செய்தவர்களில் முதலில் நிற்பவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறைகளை அடுக்கி, காற்றுக் குமிழ்களால் மட்டும் நீரை அசைத்து, மீனையும் பவளத்தையும் வளர்த்த தம் முறையை 1961இல் அவர் எழுதி வெளியிட்டார். உயிர்ப்பாறை என்று நாம் இன்று சொல்வது அதுதான். பல திங்களும் பல ஆண்டும் நீரில் கிடந்த அத்தகைய கல்லைக் கையிலெடுத்துப் பார்த்தால், ஊதா நிறச் சுண்ணப்பாசி மேற்புறத்தைப் பூசியிருக்கும். அடிப்புறத்தில் பஞ்சுயிர்கள் ஒட்டியிருக்கும். இடுக்குகளில் முள்மயிர்ப் புழுக்களும், கண்ணுக்கு அரிதில் தென்படும் துடுப்புக்காலிகளும் ஒளிந்திருக்கும். இவையனைத்துக்கும் அடியில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று, இடம் விடாமல், ஒரு விரற்கடையைக்கூட வெறுமையாக விடாமல், பரவியிருக்கும்.

அந்த நிறைவே தொட்டியின் வலிமை. தொட்டியைக் கவிழ்த்து உலர்ந்த புதுக் கல்லைப் போட்டு நீர் நிரப்பினால், முதல் இரண்டு நுண்ணுயிர்க் கூட்டங்கள் நான்கு முதல் ஆறு வாரங்களில் குடியேறிவிடும். புட்டியில் விற்கும் நுண்ணுயிரை ஊற்றினால் இன்னும் விரைவாகவும் குடியேறலாம். அம்மோனியா சுழியம் காட்டியதும் தொட்டி அணியமாகிவிட்டது என்று பலர் மகிழ்கின்றனர். ஆனால் கல்லின் முகம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. வெறும் நிலத்தில் முதலில் முளைப்பது விரைந்து பெருகும் களை என்பதை உழவர் எவரும் சொல்வார். தொட்டியிலும் முதலில் சிலிக்காப் பாசி, பிறகு பச்சை மயிர்ப்பாசி, பிறகு செந்நீலப் படலம் என்று வரிசையாக வரும். சில தொட்டிகளில் எந்தப் பழுப்புத் திரைக்கு அஞ்சிக் கவிழ்த்தோமோ அதே திரை மூன்றாம் திங்களில் முன்னிலும் தடிப்பாக வந்து நிற்கும். எல்லா நுண்ணுயிரும் தத்தம் இடத்தில் அமர்ந்து, பவளம் சீராக வளரும் முதிர்ச்சி ஏற்பட ஓராண்டும் ஆகலாம். மறுதொடக்கத்தில் செலவாவது கல்லும் உப்பும் வாங்கும் பணம் மட்டுமென்று கணக்கிடுவோர் இந்த ஓராண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே நோயைத் தேடுவோம். தேடலை அளவுகோலிலிருந்து தொடங்குவதே முறை. கடலின் உவர்ப்பு கிலோவுக்கு 35 கிராம் அளவில் நிற்பது. அதை அளக்கும் ஒளிவிலகல் மானியை வடிநீரில் மட்டும் சுழியம் வைத்துவிட்டு, 35 காட்டும் சீர்நீரில் சரிபார்க்காமல் விட்டால், 35 என்று நாம் நம்பும் நீர் 30ஆகவும் இருக்கலாம், 39ஆகவும் இருக்கலாம். சோதனைத் துளிகள் காலங்கடந்து கெட்டுப்போயிருக்கலாம். வெப்பமானி இரண்டு பாகை பொய் சொல்லலாம். நலிந்த தொட்டி என்று கருதப்பட்டவற்றுள் சில, பிழையான கருவியை நம்பி நாள்தோறும் திருத்தப்பட்டதாலேயே நலிந்தவை. வேறொரு கருவியில், வேறொரு நிறுவனத்தின் துளிகளில் ஒருமுறை அளந்து பாராமல் எந்த முடிவுக்கும் வரலாகாது. வசதியுள்ளோர் நீரை ஆய்வகத்துக்கு அனுப்பித் தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. சோதனையைச் செய்துகொள்ளலாம். துருவேறிய காந்தமும் பிளந்த சூடேற்றியும் கசியவிடும் உலோகம் அதில் புலப்படும். நீர் தூய்மிப்பானில் இருந்து வரும் ஆர்.ஓ. நீரையும் ஐயுற வேண்டும். கடைசிக் கட்டத்தில் உள்ள பிசின் மணிகள் களைத்துவிட்டால், நாம் ஆவியாதலை ஈடுசெய்ய ஊற்றும் நீரே நாள்தோறும் சிலிக்காவையும் நைட்ரேட்டையும் உள்ளே கொண்டுவரும்.

நைட்ரேட்டு மிகுந்துவிட்டது என்பதற்காகத் தொட்டியைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. இது கணக்கால் தீரும் குறை. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், புதிதாகச் சேர்வதை விடுத்துப் பார்க்கையில், பத்து வாரங்களில் பழைய நைட்ரேட்டில் 35 விழுக்காடுதான் எஞ்சும். நான்கில் ஒரு பங்கை நான்கு முறை மாற்றினாலும் ஏறத்தாழ 32 விழுக்காடு எஞ்சும். தீனியைக் குறைத்து, நுரைபிரிப்பானைச் சீராக்கி, பொறுமையோடு இதைச் செய்தால் போதும்.

பாசுபேட்டின் கதை வேறு. பழைய தொட்டிகளைப் பற்றிய குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பாறையும் பவள மணலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அதன் மேற்பரப்பு பாசுபேட்டைப் பற்றி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் தீனி அளவு மீறி விழுந்த தொட்டியில் நீர் மட்டுமன்றிக் கல்லும் பாசுபேட்டில் ஊறிக் கிடக்கிறது. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்த நீரில் பாதியை மாற்றினால் 0.25 ஆக வேண்டும். அன்று மாலை அப்படியே காட்டும். சில நாள் கழித்து அளந்தால், கல் தன்னிடமிருந்ததைக் கொடுத்து நீரைப் பழைய அளவுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். மனம் சோர்ந்தவர் மருந்து பயனற்றது என்று எண்ணுகிறார். உண்மையில் கல்லின் இருப்பிலிருந்து ஒரு பங்கு வெளியேறிவிட்டது. இரும்பு ஆக்சைடு மணிகளைக் கொண்டு நீரிலுள்ளதை உறிஞ்சுந்தோறும் கல் மேலும் கொடுக்கும், இருப்பு குறையும், ஏற்றம் தாழ்ந்துகொண்டே வரும். இதற்கு வாரங்கள் அல்ல, திங்கள்கள் பிடிக்கும். இங்கே விரைவு தீங்கானது. உயர்ந்த பாசுபேட்டுக்குப் பழகிய பவளத்தை ஒரே வாரத்தில் அது இல்லாத நீரில் நிறுத்தினால் சதை வெளுத்து இறக்கிறது. பாசுபேட்டு ஊறிய கல்லை ஒதுக்கிவிடலாமே என்பாருக்கு என் விடை: ஊறிய கல்லில் சுண்ணப்பாசியும் பஞ்சுயிரும் செழித்திருந்தால் அதை உள்ளே வைத்தே இறக்குங்கள். மயிர்ப்பாசி மட்டுமே அதை ஆள்கிறது என்றால் அப்போது ஒவ்வொரு கல்லாக எண்ணிப் பார்க்கலாம்.

இனி அந்தப் பழுப்புத் திரை. மணலில் படர்ந்து குமிழ் தாங்கும் அந்த வழவழப்பு, பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட்டு என்னும் கசையிழை நுண்ணுயிர்களால் ஆனது. வளர்ப்போர் அதை டைனோ என்று சுருக்கிச் சொல்வர். பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து, ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவு சமைத்துக் கொடுக்கும் துணையுயிரும் இதே பெருங்குடியைச் சேர்ந்ததே. கடலில் பவளத்தை ஊட்டி வளர்க்கும் குலத்தின் வேறொரு கிளை தொட்டியில் அதை மூடிக் கொல்ல வருகிறது. இது தலையெடுப்பது அழுக்கு மிகுந்த நீரில்தான் என்று நினைத்து நீரை மேலும் மேலும் மாற்றுவோர் இதற்கு விருந்து வைக்கின்றனர். நைட்ரேட்டும் பாசுபேட்டும் சுழியத்தில் நிற்கும் தொட்டியில்தான் டைனோ பெரும்பாலும் வெறிகொண்டு பெருகுகிறது. ஏனெனில் அதனோடு இடத்துக்குப் போட்டியிடும் பாசிகளும் நுண்ணுயிர்களும் அங்கே பட்டினியால் ஒடுங்கிவிட்டன. ஆகவே மருத்துவம் தலைகீழாக அமைகிறது. நீர் மாற்றுவதை நிறுத்த வேண்டும். நைட்ரேட்டையும் பாசுபேட்டையும் அளந்து சேர்த்து, சுழியத்திலிருந்து மேலே கொண்டுவர வேண்டும்.

எந்த டைனோ என்பதையும் அறிய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் எளிய நுண்ணோக்கியே இதற்குப் போதும். ஒரு துளியை வைத்துப் பார்க்கையில், ஒரு முனை கூர்ந்த துளி வடிவில், கயிற்றில் கட்டியது போல் ஒரு புள்ளியைச் சுற்றி அசைவது ஆஸ்ட்ரியாப்சிஸ். இது நஞ்சுடையது, இதைத் தின்ற நத்தைகள் மடியும். இரவில் இது மணலை விட்டு நீரில் மிதக்க எழும். ஆதலால் புறஊதா விளக்கின் வழியே நீரைச் செலுத்தினால் இதை வெகுவாகக் குறைக்கலாம். மணலிலேயே தங்கிவிடும், பெரிய உடல் கொண்ட ஆம்ஃபிடினியம் வகையைப் புறஊதா விளக்கு தொடாது. அங்கே சிலிக்காவைச் சிறிது சேர்த்து, சிலிக்காப் பாசியை வளர்த்துப் போட்டிக்கு விடும் உத்தியை வளர்ப்போர் கையாள்கின்றனர். பெயர் தெரியாமல் மருந்து ஊற்றுவதைவிட ஒரு துளியை உற்றுப் பார்ப்பது மேல். டைனோவுக்காகத் தொட்டியைக் கவிழ்த்து உலர்கல்லில் தொடங்குவதை நான் தவறு என்றே சொல்வேன். அது டைனோ விரும்பும் வெற்று நிலத்தை அதற்கு நாமே ஆக்கிக் கொடுப்பதாகும்.

மீனின் உடலில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளிகள் தோன்றும் நோய்க்கும் கவிழ்க்கத் தேவையில்லை. கிரிப்டோகாரியான் என்னும் அந்த ஒட்டுண்ணி மீன் இல்லாமல் தன் சுழற்சியை முடிக்க இயலாதது. மீன்களை வேறொரு தொட்டிக்கு மாற்றி அங்கே மருத்துவம் செய்து, பவளத் தொட்டியை மீனின்றி 76 நாள் விட்டுவைப்பது வளர்ப்போர் வழக்கம்.

தொட்டிக்கு வெளியே நோய் இருப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு அரிசோனாப் பாலை நிலத்தில் கட்டப்பட்ட ஒரு கடலைக் காட்ட விரும்புகிறேன். ஓரக்கிள் என்னும் சிற்றூருக்கு அருகே, 1.27 எக்டேர் பரப்பில், கண்ணாடியும் எஃகும் கொண்டு எழுப்பிய பயோஸ்பியர் 2 என்னும் மூடிய உலகம் அது. மழைக்காடு, புல்வெளி, பாலை, சதுப்பு, வயல் ஆகியவற்றோடு, ஏறத்தாழ 26 இலட்சம் லிட்டர் கொள்ளும் கடலும் அதனுள் இருந்தது. கரீபியக் கடலிலிருந்து கொண்டுவந்த பவளங்களை அதில் வைத்தனர். 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே நுழைந்து கதவை அடைத்துக்கொண்டு, ஈராண்டுகள் உள்ளேயே வாழ்ந்தனர். மனிதர் அமைத்த மிகப் பெரிய பவளத் தொட்டிகளுள் ஒன்றை, வெளிக்காற்றே தீண்டாமல் காக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு.

அந்தக் கடலுக்கு வந்த கேடு கடலில் பிறக்கவில்லை. வயலுக்கென உள்ளே கொட்டிய மண் மக்கிய உரத்தால் செழித்திருந்தது. அம்மண்ணின் நுண்ணுயிர்கள் உயிர்வளியை உண்டு கரிவளியை உமிழ்ந்தன. காற்றில் 20.9 விழுக்காடாக இருந்த உயிர்வளி 14 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கியது. அத்தனை உயிர்வளியும் எங்கே போயிற்று என்று தேடியபோது, கரிவளியின் ஒரு பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட்டுச் சுவர்களே உறிஞ்சிச் சுண்ணமாக்கிக்கொண்டது தெரியவந்தது. எஞ்சிய கரிவளி குளிர்காலத்தில், பகல் குறுகிச் செடிகளின் உழைப்பும் குறைந்தபோது, வெளிக்காற்றில் உள்ளதைப் போல் பல மடங்கு உயர்ந்தது. அது கடலில் கரைந்து நீரைப் புளிப்பின் பக்கம் தள்ளியது. நீர் புளிக்கையில் கார்பனேட்டு குறைகிறது. கார்பனேட்டு குறைந்தால் பவளத்துக்குக் கல் கட்டச் செங்கல் இல்லை. உள்ளிருந்தோர் சோடியம் கார்பனேட்டுகளை நீரில் சேர்த்து அமிலத்தன்மையைத் தடுத்தனர். நுரைபிரிப்பானால் கழிவை நீக்கினர். பாசியைக் கையால் களைந்தனர். அவர்கள் பவளங்களை அள்ளி எறிந்துவிட்டு 1992இல் புதிய பவளங்களைக் கொண்டுவந்து நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே காற்று, அதே மண், அதே புளித்த நீர்தான் புதியவற்றையும் வரவேற்றிருக்கும்.

அந்தக் கடலின் இடர் பிறகு அறிவியலுக்கு உதவியது. 1996 முதல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தியபோது, கிறிஸ் லாங்டன் குழுவினர் அந்நீரின் வேதியலை வேண்டுமென்றே மாற்றி மாற்றி, பவளத்திட்டு முழுவதும் எவ்வளவு சுண்ணம் கட்டுகிறது என்று அளந்தனர். கார்பனேட்டு ஏறும்போது கட்டுவது ஏறியது, இறங்கும்போது இறங்கியது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவு, பெருங்கடல் புளிப்பேறுவதால் பவளத்துக்கு நேரக்கூடியதைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. பின்னாளில் அங்கே பவளம் அழிந்து பாசி ஆட்சி செய்தது. இப்போது அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் முதலில் பாசியை அடக்கி நீரைத் திருத்தி, அதன் பிறகு பவளத்தை மீண்டும் கொண்டுவரும் பணியில் இறங்கியுள்ளனர். வெப்பத்தைத் தாங்கும் பவளங்களை ஆராய்வது அவர்கள் நோக்கம்.

நம் வீட்டுத் தொட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டாம். குளிரூட்டிக்காகச் சாளரங்களை அடைத்த அறையில் நான்கு பேர் இரவு முழுதும் மூச்சுவிட்டால் அங்கே கரிவளி ஏறுகிறது. அங்குள்ள தொட்டியின் பி.எச். இறங்குகிறது. வளர்ப்பவர் அதை உயர்த்த மருந்து ஊற்றுகிறார். காரத்தன்மை தாறுமாறாக ஏறியிறங்குகிறது. கிளைப்பவளத்தின் நுனிகள் கருகுகின்றன. இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. தொட்டி நீரை ஒரு குவளையில் எடுத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் காற்றுக் குமிழ் விட்டுப் பிறகு பி.எச். அளந்து பாருங்கள். உள்ளே இருந்ததைவிட ஏறியிருந்தால் குற்றம் அறைக் காற்றினுடையது. நுரைபிரிப்பான் காற்றை உறிஞ்சும் குழாயைச் சாளரத்துக்கு வெளியே நீட்டிவிடுவது பெரும்பாலும் போதும். அன்னா தைன் வீட்டில் நீர் ஊற்றப்பட்டது திறந்த சாளரத்தின் முன்னால் என்பதை இங்கே நான் நினைத்துக்கொள்கிறேன்.

வெளியில் இருக்கும் இன்னொரு காரணத்தைச் சொல்வது கடினம். சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வேலை மாறி, குழந்தை பிறந்து, பெற்றோர் உடல் நலிந்து, தொட்டியைக் கவனிக்க நேரமில்லாமல் போனவர்கள் உண்டு. மறுதொடக்கம் முன்பிருந்ததைவிட மிகுந்த நேரத்தைக் கேட்கும். அத்தகையோர் உயிர்களை வேறு நல்ல வளர்ப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுத் தொட்டியை உலர்த்தி வைப்பதில் இழிவு எதுவும் இல்லை. அந்த உயிர்களுக்கு அதுவே நாம் செய்யும் நன்மை.

இனிக் கல்லில் குடியிருக்கும் நோய்களுக்கு வருவோம். செம்பு அவற்றுள் தலையாயது. வெண்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்தைப் பவளத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டால், கல்லும் மணலும் அதை உறிஞ்சி, பின்னர்ச் சிறிது சிறிதாக விடும். இறாலும் நத்தையும் பவளமும் அதைத் தாங்கா. அந்தக் கல்லை நம்பி மீண்டும் பவளம் வைக்க நான் துணியமாட்டேன். அடுத்தது ஆழமான பழைய மணல். பல ஆண்டுக் கழிவு அடியில் தேங்கி, உயிர்வளி இல்லாமல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வீசுமானால், அங்கே இருப்பது ஐதரசன் சல்பைடு. மீன்கள் உள்ளே இருக்க அதைக் கிளறினால் ஓரிரவில் எல்லாம் மடியலாம். மூன்றாவதாக, கல்லின் ஒவ்வொரு புழையிலும் வேர்விட்டுவிட்ட களையுயிர்கள். கண்ணாடிச் சாமந்தியைத் தின்ன பெர்கியா என்னும் ஓடில்லா நத்தை இருக்கிறது. குமிழ்ப்பாசியை உடையாமல் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்கலாம். ஆண்டு முழுதும் முயன்றும் தோற்றால்தான் கல்லைக் கைவிடும் பேச்சு.

கல்லைத் தூய்மை செய்யத் துணிவோர் ஒன்றை மட்டும் எக்காலத்தும் செய்யலாகாது. உயிர்ப்பாறையைக் கொதிக்க வைக்கக் கூடாது. வெந்நீரையும் அதன்மேல் ஊற்றக் கூடாது. பாலிதோவா என்னும் பொத்தான் வடிவ உயிர்கள் பலவற்றில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. அவாயித் தீவுகளில் மௌவித் தீவின் ஆனா பகுதி மக்கள் ஈட்டி முனையில் பூசிய நஞ்சாக வழிவழியாக அறிந்திருந்த பொருள் அது. 1971இல் ரிச்சர்டு மூரும் பால் ஷூயரும் அதைப் பிரித்தெடுத்தனர். 129 கரி அணுக்கள் கொண்ட அதன் பெரிய கட்டமைப்பு 1981இல்தான் முழுதும் விளங்கியது. அறியப்பட்ட கொடிய நஞ்சுகளுள் ஒன்றாகிய அது, கொதிக்கும் பாறையின் ஆவியோடு எழுந்து மூச்சில் கலந்து, வீட்டிலிருந்த அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிய நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. கையுறையும் கண்கவசமும் அணிந்து, கல்லை நீருக்குள் வைத்தே அந்த உயிர்களை அகற்ற வேண்டும். அவை மிகுந்திருக்கும் கல்லைத் தேய்ப்பதும் உடைப்பதும்கூடத் தீங்கு.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்போர் வேறொன்றையும் எண்ண வேண்டும். கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுள் மூழ்கியதில், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டியெடுத்ததற்குப் பங்கு உண்டு. கவிழ்த்துவிட்டுக் கடற்கல்லைத் தேடிப் போகலாம் என்னும் வழி நமக்கு அடைக்கப்பட்டிருப்பது சரியே. கிடைப்பது வார்த்தெடுத்த செயற்கைக் கல்லும் உலர்கல்லும்தான். அவ்வாறாயின் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் உயிர்பெற்ற பழைய கல் எத்துணை அரிய பொருள்!

எல்லாம் ஆராய்ந்தபின்னும் மறுதொடக்கமே வழி என்று முடிவானால், பகுதி பகுதியாகச் செய்வதை நான் பரிந்துரைப்பேன். மீனையும் பவளத்தையும், சூடேற்றியும் நீரோட்டமும் கொண்ட வேறு கலத்துக்கு மாற்றிவிட்டு மணலை முழுதும் அகற்றலாம்; பழைய மணலைக் கழுவித் திரும்பப் போடுவதைவிடப் புதிதாகச் சிறிதே போடுவது நன்று. நலமுள்ள கற்களைத் தொட்டி நீரிலேயே குலுக்கி, கழிவை உதறி, ஈரம் உலராமல் திரும்ப வைக்கலாம். நோயுற்ற கற்களை மட்டும் வெளுப்பானில் இட்டு உலர்த்தலாம். அப்படிக் கொன்ற கல்லின் உள்ளே இறந்த உயிர்கள் மக்கி, வாரக்கணக்கில் அம்மோனியாவையும் பாசுபேட்டையும் விடும். அதை வேறொரு வாளி உப்புநீரில் ஊறவைத்து, அளவு தணிந்தபிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும். நலமுள்ள கல் பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து நுண்ணுயிரும் துடுப்புக்காலியும் புதியதற்கு நடந்தே குடியேறும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தொட்டி தேறுகிறதா என்பதைக் கண் கூறுமுன் ஓர் எண் கூறும். டி.கே.எச். என்னும் அளவில் காரத்தன்மையை அளந்து, வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், மறுநாளும் அதன் மறுநாளும் அதே வேளையில் அளந்து பாருங்கள். பவளம் சுண்ணம் கட்டும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தைச் செலவிட்டால், காரத்தன்மை 2.8 அளவு இறங்கும். 420இல் 20 குறைவது துளிச் சோதனையில் எளிதில் தெரியாது, 8இல் 2.8 குறைவது நன்கு தெரியும். நலிந்த தொட்டியில் அந்த எண் நாள் கணக்கில் அசையாமல் நிற்கும். உள்ளே யாரும் எதையும் கட்டவில்லை என்பது அதன் பொருள். நீரைத் திருத்தி, பாசுபேட்டை மெல்ல இறக்கி, சாளரத்தைத் திறந்துவைத்துத் திங்கள் இரண்டு கடந்த ஒரு மாலையில், 8.0 இருந்த இடத்தில் 7.8 காட்டும். அடுத்த நாள் 7.6. பவளத்தின் நுனியில் இன்னும் வெண்மை தோன்றியிராது. மணலில் பழுப்புத் திரையின் எச்சம் இன்னும் இருக்கும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வாய்கள் கல் கட்டும் வேலையை மீண்டும் எடுத்துக்கொண்டுவிட்டன.